பழைய ஆயிலும் அக்காவின் பயமும்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், மூக்கண்டப்பள்ளி அக்கம்பக்கத்தாருக்கும், குருபரப்பள்ளி ஆலையில் அக்காவோடு வேலை செய்த அனைவருக்கும் தங்கையின் வணக்கம்.

அட்டைப் படத்தில் அக்கா சிரித்துக்கொண்டிருக்கிறார். அது என் கல்யாணத்தில் எடுத்த படம். அன்றைக்கும் சமையல் பந்தலுக்குப் போய், கேஸ் சிலிண்டர்களை அடுப்பிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லி, வைத்தார்களா என்று மறுபடியும் போய்ப் பார்த்து, அதன் பிறகுதான் படம் எடுக்க வந்து நின்றார். சமையல்காரர் சலித்துக்கொண்டே தள்ளி வைத்தார்.

மறைந்தவரைப் பற்றி எழுதும்போது அஞ்சாதவர், எதற்கும் கலங்காதவர் என்று எழுதுவது வழக்கம். அக்காவைப் பற்றி நான் அப்படி எழுதினால் இங்கே ஒருவரும் நம்பமாட்டீர்கள். அக்கா பயந்தவர். தீக்குச்சி உரசும் சத்தத்துக்கே தோள் குலுங்கும். அப்படிப்பட்டவர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொதிக்கும் எண்ணெய்க்குப் பக்கத்தில் கழித்தார். அது எப்படி நடந்தது என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சாத்தூருக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாக அக்கா பிறந்தார். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே பட்டாசு ஆலையில் வேலை பார்த்தார்கள். அக்கா ஆரம்பப் பள்ளியில் படித்தபோது ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், தரை அதிர்ந்தது. எனக்கு அது நினைவில்லை. நான் இடுப்புக் குழந்தை. அம்மா ஆலைப் பக்கம் ஓட, என்னைத் தூக்கிக்கொண்டு அக்காவும் பின்னாலேயே ஓடினாராம். ஊர்ப் பெண்கள் எல்லாரும் அந்தத் தார் ரோட்டில் செருப்பில்லாமல் ஓடினார்களாம். அப்பா சாம்பல் பூசின மாதிரி நடந்து வந்தார். சித்தப்பா வரவில்லை.

அதற்குப் பிறகு அப்பா அந்த ஆலைக் கதவைத் தாண்டவில்லை. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் ஓசூரில் இருந்தார். அவரைப் பிடித்து, ஒரு தொழிற்சாலையில் காவலாளி வேலைக்குச் சேர்ந்து, எங்களை எல்லாம் மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீட்டுக்குக் கூட்டிவந்தார். இங்கே வந்த புதிதில், கம்பெனிச் சங்கு ஊதினாலே அக்கா என்னை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவார். "அது ஷிப்ட் முடியிற சங்கு" என்று பக்கத்து வீட்டம்மா தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொல்லியும் அந்த ஓட்டம் நிற்க வெகுநாள் ஆனது.

கிருஷ்ணகிரியில் கல்லூரிக்குப் போனபோது அக்கா எடுத்த பாடம் வேதியியல். வீட்டில் எல்லாருக்கும் ஆச்சரியம். அம்மா கேட்டே விட்டார். "ஏத்தா, அடுப்புப் பத்தவைக்கவே தங்கச்சியக் கூப்பிடுற. நீ போயி இதப் படிக்கணுமா?"

"எது எப்பத் தீப்பிடிக்கும்னு தெரிஞ்சுக்கிட்டா கொஞ்சம் நிம்மதியா தூங்கலாம்லம்மா" என்றார் அக்கா.

படிப்பு முடிந்து ஓசூரிலேயே ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. எந்திரங்களுக்கு ஊற்றும் எண்ணெயின் தரத்தைச் சோதிக்கும் வேலை. அங்கே பராமரிப்புப் பிரிவில் இருந்தவர்தான் மாமா. சூளகிரிப் பக்கம், வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். இரண்டு வீட்டிலும் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு சம்மதித்தார்கள். மாமாவின் அம்மா தெலுங்கில் திட்டுவதையும் அக்கா தமிழில் சமாதானம் சொல்வதையும் கேட்டுச் சிரித்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பலர் இருப்பீர்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, நாற்கரச் சாலை வேலை நடந்துகொண்டிருந்த சமயத்தில், மாமா வேலையை விட்டார். குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில், வண்டிகளிலிருந்து இறக்கிய பழைய ஆயிலைச் சுத்தம் செய்யும் சின்ன ஆலை ஒன்று கைமாற இருந்தது. மாமாவுக்கு அதில் ஆசை.

"லாரி, பஸ், டிராக்டர், அத்தனையும் ஆயிலை மாத்திட்டுப் பழசை எங்க கொட்டுறான்? ஓடையில கொட்டுறான். இல்லேன்னா சூளைக்காரன் வாங்கி எரிக்கிறான். நாம எடுத்துச் சுத்தம் பண்ணினா அது மறுபடியும் வண்டிக்கே போகும்" என்றார் மாமா.

"எரிக்காமச் சுத்தம் பண்ண முடியுமாங்க? அடியில நெருப்பு வைக்கணும்ல?" என்று அக்கா கேட்டார்.

அந்த ஆலையைப் பார்க்க அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு போனார். உள்ளே நுழைந்ததும் தொண்டை எரிந்தது. முந்தைய முதலாளி ஆசிட் முறையில் வேலை செய்துவந்தார். கறுப்பு ஆயிலில் ஆசிட்டை ஊற்றிக் கலக்கினால் அழுக்கு தார் மாதிரி அடியில் இறங்கும். மேலே தெளிந்ததை எடுத்துக்கொண்டு, அடியில் இருப்பதைச் சுவருக்குப் பின்னால் ஒரு குழியில் விடுவார்கள். அந்தக் குழியையும் எட்டிப் பார்த்தோம். கறுப்பாக, அசையாமல், மேலே புகை மாதிரி ஏதோ ஆவி. அந்த ஆலையில் மண் சுமக்கும் வேலை செய்த நாராயணம்மா, முகத்தில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு எங்களோடு வந்து நின்றார்.

"போன மழைக்கு இது ரொம்பி வழிஞ்சுதுங்கக்கா" என்றார் நாராயணம்மா. "ஏரிக்குப் போற காவாயில கலந்துடுச்சு. ஆட்டுக்குட்டி ஒண்ணு கால வெச்சு, வெந்தாப்புல ஆயிடுச்சு."

"ஏரித் தண்ணி யாரு குடிக்கிறாங்க?"

"ஆடு மாடு குடிக்கும். துணி தொவைப்போம். வேற இன்னா பண்றது?"

அன்று வீட்டுக்கு வந்த அக்கா சாப்பிடவில்லை. இரண்டு நாள் கழித்து மாமாவிடம் சொன்னார்: "ஆசிட்டு வேண்டாம். அந்தக் குழிய மொதல்ல முறையா சுத்தம் பண்ணணும். வேக்குவம் முறைக்கு மாத்துறதா இருந்தா நானும் வேலைய விட்டுட்டு வர்றேன். இல்லேன்னா நீங்களும் போகாதீங்க." அரசு விதிகளும் அப்போது ஆசிட் முறைக்கு எதிராக மாறிக்கொண்டிருந்தன. மாமா ஒப்புக்கொண்டார்.

அந்த வேக்குவம் முறையை எளிதாகச் சொல்கிறேன். வரும் ஆயிலை முதலில் தொட்டியில் தேங்க விட்டு, மணலும் இரும்புத் தூளும் கொஞ்சம் தண்ணீரும் அடியில் இறங்கியபின் எடுப்போம். அதை, நாங்கள் கெட்டில் என்று சொல்லும் பெரிய இரும்புக் கலனில் மெதுவாகச் சூடேற்றி, மிச்சமிருக்கும் தண்ணீரை ஆவியாக்குவோம். அதன் பிறகு இன்னொரு கலனில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் காய்ச்சினால், ஆயிலே ஆவியாகிப் போய்க் குளிர்ந்து தெளிவாக இறங்கும். கடைசியாக வெளுப்பு மண் கலந்து, துணி அடுக்கிய பிரஸ்ஸில் பிழிவோம். தேன் நிறத்தில் ஆயில் வரும். அது எந்திர ஆயில் செய்கிறவர்களுக்கும் கிரீஸ் செய்கிறவர்களுக்கும் போகும். அடியில் நிற்கும் கெட்டிக் கறுப்பு, கூரைக்குத் தார்த்தாள் செய்கிறவர்களுக்குப் போகும்.

இதில் பயப்பட வேண்டியது தண்ணீருக்குத்தான். காய்ந்த ஆயிலுக்கு அடியில் தண்ணீர் மாட்டிக்கொண்டால் ஒரே நொடியில் ஆவியாகி, மொத்த ஆயிலையும் நுரைத்துக்கொண்டு மேலே தள்ளும். ஆலையில் அதை 'பொங்குறது' என்பார்கள். தைப்பொங்கல் அன்று பானையில் பால் பொங்கி எல்லாரும் குரல் எழுப்பும்போது அக்கா மட்டும் ஒரு அடி பின்னால் போய் நிற்பார். உறவினர்கள் கவனித்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

ஆலையில் நான் ஆபீஸ் வேலை பார்த்தேன். பில் போடுவது, போன் எடுப்பது. அதனால் அக்காவைத் தினமும் பார்த்தேன். எந்த டேங்கர் வந்தாலும் அக்கா அடியிலிருந்து ஒரு குப்பி எடுக்காமல் இறக்க விடமாட்டார். சூடான தகட்டில் இரண்டு சொட்டு விடுவார். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. மோந்து பார்ப்பார்; பெட்ரோல், தின்னர் வாடை இருந்தால் தீ சீக்கிரம் பிடிக்கும், அந்த லோடு திரும்பிப் போகும். ஷெட்டைச் சுற்றி மணல் வாளிகள். மாதாமாதம் தீ வந்தால் எப்படி ஓடுவது என்று எல்லாரையும் ஓடச் சொல்வார். கெட்டில் பார்த்துக்கொண்ட முனிராஜ் சிரித்துக்கொண்டே ஓடுவார். "சும்மா சும்மா ஓட வெக்கிறீங்கோ அக்கா, வயிறு கொறையுது" என்பார். அக்கா சிரிக்கமாட்டார். மறுபடியும் ஓடச் சொல்வார்.

கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு ஏஜென்ட் எங்களுக்கு ஆயில் அனுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய லோடுகள் வரவர மோசமாயின. ஏதோ பெயிண்ட் வேலை நடக்கும் இடத்துக் கழிவுத் தின்னரை ஆயிலில் கலந்து எங்கள் தலையில் கட்டப் பார்த்தார். அக்கா ஒரு டேங்கரைத் திருப்பி அனுப்பினார். அடுத்ததையும் அனுப்பினார்.

பிறகு போன் வர ஆரம்பித்தது. நான்தான் எடுப்பேன். முதலில் மரியாதையாகத்தான் பேசினார். "ஏன்மா, நம்ம ஆயில் உங்க மேடத்துக்கு ஆகாதா?" போகப்போகக் குரல் மாறியது. "உங்க வண்டி தினமும் சூளகிரி மேலதானே போகுது? பத்திரமா போகச் சொல்லு. கொத்தாய்த்தா?" என்பார். புரிந்ததா என்று கன்னடத்தில் கேட்பது அது. போனை வைத்த பிறகும் அந்தச் சொல் என் காதில் இருக்கும். மணி அடித்தாலே அவர்தானோ என்று நினைப்பேன். போனை எடுக்காமலிருக்கவும் முடியாது, வியாபாரமே அதில்தான்.

ஒரு காலை எங்கள் டேங்கரின் முன் கண்ணாடியில் கல் விழுந்தது. டிரைவர் நெற்றியில் ரத்தத்தோடு வந்து இறங்கினார். யார் எறிந்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. ஏஜென்ட்தான் என்று சொல்ல எங்களிடம் ஆதாரமில்லை. போலீஸிலும் அப்படித்தான் சொன்னோம். டிரைவர், இனி தனியாகப் போகமாட்டேன் என்றார். மறுநாள் அக்கா கேபினில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"உனக்கென்ன பைத்தியமாக்கா? கல்லு உன் மேல விழுந்தா?" என்று கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"எனக்குக் கை காலெல்லாம் நடுங்குதுடி. ஆனா அவரைத் தனியா அனுப்பிட்டு இங்க உக்காந்திருந்தா அதுக்கும் மேல நடுங்கும்" என்றார்.

அந்தச் சாலையில் ஒவ்வொரு பாலத்துக்கு அடியிலும் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே போவாராம். டிரைவர் பிறகு சொன்னார்: "மேடம் வழி பூரா ஒரு வார்த்த பேசல. கம்பியப் புடிச்சிருந்த கை மட்டும் வெளுத்துப் போயிருந்துச்சு."

அதோடு முடியவில்லை. ஏஜென்ட் ஒர்க்‌ஷாப்காரர்களிடம் சொல்லி எங்களுக்கு ஆயில் கிடைக்காமல் செய்தார். தொட்டிகள் வற்றின. கெட்டில் குளிர்ந்து கிடந்தது. வேலையாட்கள் காலையில் வந்து, சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் போவார்கள். மாமாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. அக்கா தன் மகளின் பள்ளி விழாவுக்காக ஓசூர் போயிருந்தார். காலையில் அதே ஏஜென்ட்டின் டேங்கர் வந்து வாசலில் நின்றது. மாமா டேங்கர் மேலே ஏறி மூடியைத் திறந்து பார்த்தார்.

"அக்கா வந்து அடியில பார்க்கட்டும் மாமா" என்றேன்.

"மேல பார்த்துட்டேன், நல்லாத்தான் இருக்கு. ஆளுங்க எத்தனை நாள் சும்மா உக்காருவாங்க சொல்லு?" என்றார் மாமா. ஆயிலை இறக்கினார்கள். தேங்க விடவும் நேரம் கொடுக்காமல் கெட்டிலுக்கு ஏற்றிப் பர்னரைப் பற்றவைத்தார்கள். முனிராஜ் தயங்கினார். மாமா சொன்ன பிறகு செய்தார்.

மத்தியானத்துக்கு மேல், நெடுஞ்சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி அக்கா நடந்து வந்தார். பள்ளி விழாவுக்குக் கட்டிய பட்டுச் சேலை. கேட்டைத் தாண்டியதும் நின்றார். மூக்கைச் சுளித்தார்.

"தின்னர் வாடை வருது. யாரு லோடு இது?"

நான் சொல்வதற்குள் ஷெட்டுக்குள் ஒரு சத்தம். பெரிய அண்டாவுக்குள் யாரோ கற்களை உருட்டுவதுபோல கடகடவென்று. அக்கா செருப்பை உதறிவிட்டு ஓடினார். பின்னாலேயே நானும் ஓடினேன். நிற்க வேண்டும் என்று தோன்றியும் கால் நிற்கவில்லை.

கெட்டிலின் மேல்குழாய் வழியாகக் கறுப்பு நுரை பீறிட்டுக் கூரைத் தகரத்தில் அடித்து, கொதிக்கக் கொதிக்கக் கீழே சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டும் இடத்திலிருந்து பர்னர் கைக்கெட்டும் தூரம்தான். மாமா ஏணியில் ஏறி மேல்மூடியைத் திறக்கப் போனார்.

"மூடியத் தொடாதீங்க! இறங்குங்க! முகத்துல அடிச்சிரும்!" அக்கா அப்படிக் கத்தி நான் கேட்டதேயில்லை. மாமா பாதி ஏணியிலிருந்து குதித்தார்.

முனிராஜ் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். "முனிராஜு, நீள்ளு ஒத்து! நீள்ளு ஒத்து! மண்ணு அள்ளு!" தண்ணீர் வேண்டாம் என்று தெலுங்கில் சொல்ல வேண்டும் என்று அந்த நேரத்தில் அக்காவுக்கு எப்படித் தோன்றியதோ. முனிராஜ் குழாயைப் போட்டுவிட்டு மணல் வாளியைத் தூக்கினார். மற்றவர்கள் ஒத்திகையில் ஓடியதுபோலவே கேட்டைப் பார்த்து ஓடினார்கள். யாரும் சிரிக்கவில்லை.

பர்னருக்கு எண்ணெய் போகும் வால்வு அடுப்புக்குப் பக்கத்தில், அந்தச் சொட்டும் கூரைக்குக் கீழே இருந்தது. அதை மூடினால்தான் நெருப்பு அணையும். அக்கா ஒரு கணம் நின்றார். உதடுகள் அசைந்தன; சாமி பெயரா, சித்தப்பா பெயரா, எனக்குத் தெரியாது. பிறகு கிடந்த ஈரச் சாக்கைத் தலைமேல் போட்டுக்கொண்டு உள்ளே போனார். நான் "அக்கா, அக்கா" என்று கத்தினேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

வால்வு இறுகியிருந்தது. சாக்கின் மேலே சூடான ஆயில் விழுவதைப் பார்த்தேன். முனிராஜ் போய்க் கைகொடுத்தார். இருவருமாகத் திருகினார்கள். பர்னர் அணைந்தது. அதற்குள் தரையில் தேங்கியிருந்த ஆயிலில் ஒரு ஓரம் குப்பென்று பிடித்தது. நாராயணம்மா வெளியே ஓடியவர் திரும்பி வந்து, வாளி வாளியாக மணலைக் கொட்டினார். தீ படர்ந்து, சுருங்கி, புகையாகி, நின்றது. கெட்டில் மட்டும் உள்ளுக்குள் உறுமிக்கொண்டே இருந்தது. அது அடங்கும்வரை நாங்கள் சாலை ஓரத்தில், கேட்டுக்கு வெளியே, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். லாரிகள் எதுவும் தெரியாமல் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

எல்லாம் அடங்கிய பிறகுதான் அக்காவுக்கு நடுக்கம் வந்தது. பல் கிட்டித்துக்கொண்டது. டீ டம்ளரை நான்தான் வாயில் வைத்தேன். பாதி சேலையில் கொட்டியது. இடது கையில் முழங்கைக்கு மேலே தோல் உரிந்திருந்தது. அதன் பிறகு அக்கா எந்த விசேஷத்துக்கும் நீளக் கை ஜாக்கெட்தான் போட்டார். ஏன் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அக்கா பேச்சை மாற்றிவிடுவார். இன்றைக்கு நான் சொல்லிவிட்டேன்.

மாமாவை அக்கா திட்டவில்லை. மாமா தானே தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது, "உசுரோட இருக்கோம்ல, விடுங்க" என்றார். ஆனால் ஆலையை மூடிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை.

அந்த வாரமே முனிராஜும் நாராயணம்மாவும் இன்னும் சிலரும் பஸ் பிடித்து மூக்கண்டப்பள்ளி வீட்டுக்கு வந்தார்கள். எல்லாரும் கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்தார்கள்.

"எனக்குப் பயமா இருக்கு நாராயணம்மா. உங்கள யாரையாவது பலி குடுத்துட்டு நான் வாழ முடியாது. வேற எங்கயாவது வேலை தேடித் தர்றேன்" என்றார் அக்கா.

நாராயணம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வேற எடத்துல பயப்படாத மொதலாளிங்க இருக்கிறாங்கோ அக்கா. அங்க போயி நாங்க சாவறதுக்கா? நீங்க பயந்துகினே இருங்கோ. அது போதும் எங்களுக்கு. நாங்க வேலை செய்றோம்."

அக்கா எழுந்துபோய் எல்லாருக்கும் தோசை ஊற்றினார். அடுப்பைப் பற்றவைக்க என்னைத்தான் கூப்பிட்டார்.

ஆலை மறுபடியும் நடந்தது. அக்காவோ முனிராஜோ அடியிலிருந்து எடுத்துச் சோதிக்காமல் ஒரு சொட்டும் கெட்டிலுக்குப் போகக் கூடாது என்பது சட்டமானது, மாமாவுக்கும் சேர்த்துத்தான். பர்னர் வால்வை ஷெட்டுக்கு வெளியே மாற்றினார்கள். ஏஜென்ட்டை விட்டுவிட்டு, மாமாவும் அக்காவும் ஓசூரிலிருந்து பர்கூர்வரை ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பாக ஏறி இறங்கி நேரடியாக ஆயில் கேட்டார்கள். முதலில் பலர் தர மறுத்தார்கள். அவர்களுக்கும் பயம்தான். ஒருவர் தந்தார், பிறகு அவருடைய மச்சான் தந்தார். தொட்டிகள் நிறைய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு வருடமும் எங்கள் டேங்கர் வந்து சேரும்வரை நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் அந்த ஏஜென்ட்டே நேரில் வந்தார். போனில் மட்டும் கேட்ட குரலுக்கு ஒரு முகம் வந்து என் மேசைக்கு எதிரில் நின்றபோது எனக்கு எழுந்திருக்கவும் முடியவில்லை. ஆனால் அந்த ஆள் மிரட்டும் நிலையில் இல்லை. அவர் லோடு இறக்கிய வேறொரு இடத்தில் தீப்பிடித்து, கூடப்போன அவருடைய தம்பி மகன் உடம்பெல்லாம் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

"மேடம், நீங்க ஆயில்ல என்ன பார்ப்பீங்கன்னு எனக்குச் சொல்லிக் கொடுங்க" என்றார்.

அவரை வெளியே போகச் சொல்வார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அக்கா அவரை உட்காரவைத்து, பையன் எப்படியிருக்கிறான் என்று விசாரித்தார். பிறகு தகட்டைச் சூடாக்கி, இரண்டு சொட்டு விட்டுக் காட்டினார். அந்த மனிதர் போன பிறகு என்னிடம், "அவரைப் பார்த்தாலும் எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. ஆனா அவரு அதே மாதிரி இன்னொரு லோடு அனுப்புறது அதவிடப் பயம்" என்றார். பையன் பிழைத்துக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

சென்ற ஆண்டின் தொடக்கத்தில் அக்காவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. முதலில் வயிற்றுவலி என்று நினைத்தோம். பெங்களூரில் ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டர் மாமாவைத் தனியாக அழைத்தார். அக்கா விடவில்லை. "என்கிட்டயே சொல்லுங்க. தெரியலேன்னாதான் எனக்கு ரொம்பப் பயம்" என்றார். டாக்டர் சொன்னார். அக்கா முழுவதும் கேட்டுக்கொண்டு, சந்தேகங்களையும் கேட்டுக்கொண்டு, வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயமா இருக்குடி."

"எனக்கும்தான்க்கா."

அதற்கு மேல் நாங்கள் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்ளவில்லை. சேர்ந்து பயந்துகொண்டிருந்தோம். அது எப்படியோ கொஞ்சம் தாங்க முடிந்தது. மகளின் தேர்வு முடியும்வரை இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார், இருந்தார். மகள் கல்லூரியில் எந்தப் பாடம் எடுப்பது என்று கேட்டதற்கு, "உனக்குப் பிடிச்சதை எடு. ஆனா ஹாஸ்டல்ல பிளக் பாயிண்ட் எப்படியிருக்குன்னு பார்த்துட்டுச் சேரு" என்றார்.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்கள். சிகிச்சை அளித்த டாக்டர்களுக்கு. கேட்டதும் வந்து ரத்தம் கொடுத்த ஓசூர்த் தொழிற்சாலை நண்பர்களுக்கு. நாங்கள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்த நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டம்மாவுக்கு. கடைசி ஊர்வலத்தில், யாரும் சொல்லாமலே பட்டாசு வெடிக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்ட எங்கள் தெருப் பையன்களுக்கு. அக்காவைத் தோளில் சுமந்த ஆலைத் தோழர்களுக்கு.

இன்னும் ஒருவர் இருக்கிறார். பெங்களூர் ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் அக்காவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண். கன்னடம் மட்டும் பேசுவார். அக்காவை எல்லாரும் கூப்பிடுவதுபோல அக்கா என்றே கூப்பிடுவார். ஒரு காலை அம்மா ஓசூரிலிருந்து வந்து வார்டுக்குள் நுழைந்தபோது, அக்காவின் கட்டில் காலியாக இருந்தது. ஜன்னல் ஓரக் கட்டிலுக்கு மாற்றியிருந்தார்கள், திரை மூடியிருந்தது. அம்மா கட்டிலையும் நர்ஸையும் மாறிமாறிப் பார்க்க, அந்தப் பெண், "அக்கா இல்லே..." என்றார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடம் ஓசூரில் இருந்தும் அந்த ஒரு கணத்தில் அம்மாவுக்குத் தமிழ்தான் கேட்டது. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். நர்ஸ் பெண் பதறிப்போய்த் திரையை விலக்கி, மறுபடியும் முழுதாகச் சொன்னார்: "அக்கா இல்லே இத்தாரே அம்மா, இல்லே இத்தாரே!"

கன்னடத்தில் 'இல்லே' என்றால் இங்கேயே; அக்கா இங்கேதான் இருக்கிறார் என்று அர்த்தம்.

அக்கா கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தார். நடந்தது புரிந்து சிரித்தார். வலியில் சிரிக்க முடியாமல், அப்புறமும் சிரித்தார். அம்மாவை அந்தப் பெண் நாற்காலியில் உட்காரவைத்து, தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்து உப்புமாவை எடுத்து ஊட்டிவிட்டார். மறுநாள் அக்கா போய்ச் சேர்ந்தார். அப்போதும் அந்தப் பெண்தான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வேலை நேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. அவருக்கு இந்த மலரை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க இருக்கிறோம். தமிழ் படிக்கத் தெரியாது. நான் வாசித்து, எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொல்வேன்.

துக்கம் கேட்க இன்னும் யாராவது வருகிறார்கள். விவரம் தெரியாமல் வருகிறவர்களும் உண்டு. வாசலில் நின்று அக்கா எங்கே என்று கேட்டால், நாங்கள் யாராவது தயங்கித் தயங்கி, "அக்கா இல்லே" என்று சொல்லவேண்டியிருக்கிறது. உள்ளேயிருந்து அம்மா அதைக் கேட்கிறார். கன்னடத்தில் கேட்டுக்கொள்கிறேன் என்கிறார்.